திறாங்கு எந்தப் பக்கம்

மணல் டிப்பர் நிற்கவில்லை.
கோப்பி முன்னங்கால் இரண்டாலும் இழுத்து இழுத்து
வேலியடி வரைக்கும் வந்து சேர்ந்தது.

மாங்குளத்து மிருக வைத்தியர்
இடுப்பை விரலால் தடவிப் பார்த்தார்.
வெடிப்பு.
"ஆறு கிழமை ஓடவும் கூடாது, பாயவும் கூடாது.
கூடு ஒன்று அடிச்சு உள்ளுக்கு விடுங்கோ."
எவ்வளவு பெரிசு?
"எழும்பி நிக்கலாம், திரும்பிப் படுக்கலாம்.
அதுக்கு மேல இடம் குடுத்தால் எலும்பு பொருந்தாது."

எழும்பி நிற்கலாம், திரும்பிப் படுக்கலாம்.
ஓட்டோ முத்தையன்கட்டு இடதுகரைக்குத் திரும்பும் வரை
இந்த அளவை எங்கே கேட்டேன் என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.
மடியில் அது
என் சட்டைத் தெறியை நக்கிக்கொண்டிருந்தது.

மரக்காலையில் கழிவுப் பலகை ஒரு கட்டு.
நீளம் மூன்றரை அடி, அகலம் இரண்டே கால்.
முதல் வெட்டிலேயே ஒரு சட்டம் கோணல்.
வலை காணவில்லை.
பின்வளவில், பூவரசு தன் தோலுக்குள்
பாதி விழுங்கிவிட்ட முள்ளுக்கம்பிச் சுருள் கிடக்கிறது.
"முள்ளை வெட்டினால் அதுவும் கம்பிதானே"
என்று குறடு எடுத்த கேதீஸ்
என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்து
ஒட்டுசுட்டானுக்கு வலை வாங்கப் போனார்.

ரொறன்ரோவில் இருந்து மச்சாள் வட்ஸப்பில்:
"இஞ்சை எல்லாரும் கூட்டுக்கதான் வளர்க்கினம்.
நாய்க்கு அது குகை மாதிரி.
தன்ர வீடெண்டு நினைக்கும்."
நினைக்கும் என்று நினைப்பது ஆர், மச்சாள்?
கேட்கவில்லை.
அங்கே நடுச்சாமம்.

பிணைச்சல் இரண்டும் பூட்டியாயிற்று.
"அம்மா, திறாங்கு எந்தப் பக்கம்?"
என்றாள் நிலாயினி.
வெளிப்பக்கம்தான்.
வேறெந்தப் பக்கம் வைப்பது?
துளை போட்ட பிறகும்
துறப்பணத்தைக் கீழே வைக்காமல் நின்றேன்.

எல்லாரும் படுத்த பிறகு
நான் உள்ளே போய்க் குந்திப் பார்த்தேன்.
முழங்கால் நாடியில் முட்டியது.
ஆணி முனை ஒன்று விலாவைக் கீறியது;
வெளியே வந்து அரத்தால் தேய்த்தேன்.
செட்டிகுளத்தில் தறப்பாள் இழுத்துக் கட்டியவர்கள்
ஒரு இரவாவது உள்ளே படுத்துப் பார்த்திருப்பார்களா?
பார்த்திருந்தால்தான் என்ன,
முனை தேய்த்திருப்பார்கள்.
கம்பி கம்பியாகவே இருந்திருக்கும்.

முதல் நாள் திறாங்கை இழுத்தபோது
அது அழவில்லை, என்னைப் பார்த்தது.
"உன்ர நன்மைக்குத்தான்" என்றேன்.
சொன்ன குரல் என்னுடையதில்லை.
காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம்
கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி
கொச்சைத் தமிழில் சொன்ன அதே வசனம்.

மூன்று இரவு ஊளை.
மூன்று இரவும் கூட்டோடு ஒட்டிப் பாய் போட்டு
வலைக்குள் இரண்டு விரலை விட்டபடி படுத்தேன்.
நான்காம் நாள்
மூத்திரத்துக்குத் தூக்கிப்போய்க் கொண்டுவந்து விட,
கதவு திறந்திருக்க, தானே உள்ளே போய்ச்
சாக்கைக் காலால் கிளறிப் படுத்தது.
"பழகீட்டுது" என்று கைதட்டினாள் மகள்.

எனக்குத்தான் அந்தச் சொல் இறங்கவில்லை.
நாங்களும் பழகினோம்.
வரிசைக்கு, வாளிக்கு, பெயர் கூப்பிடும் நேரத்துக்கு.
பழகினதைப் பார்த்து
அவர்களுக்கு விருப்பம்தான் என்று
யாரோ எங்கேயோ எழுதியிருக்கக்கூடும்.
ஆனாலும் கோப்பியின் இடுப்பு பொருந்தவேண்டும்.
இதுவும் உண்மை. இதை எங்கே வைப்பது?

எங்களுக்கு ஒருவரும் நாள் சொல்லவில்லை.
ஆகையால் கூட்டின் மேற்சட்டத்தில்
பென்சிலால் நாற்பத்திரண்டு கோடு கீறினேன்.
ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றை வெட்டுகிறேன்.
இன்று இருபதாவது.
அதற்கு எண்ணத் தெரியாது.
கோடு எனக்காகத்தான்.

வீதியில் டிப்பர் போகிறது.
கோப்பி எழும்பவில்லை.
காது மட்டும்.